அத்தியாயம் 7: மூத்த மேலாளர் பயிற்சிக்குக் கிளையின் ஒரு நாளே பாடநூல்

தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் கோட்ட மேலாளராக, பொது மேலாளராக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பிரிவுக்குள் வளர்ந்தவர்கள். உதவிப் பொறியாளராகச் சேர்ந்தவர் என்ஜின், டயர், டீசல் என்றே பதினைந்து இருபது ஆண்டுகளைக் கழித்திருப்பார். பணியாளர் பிரிவுக்காரருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் தொழிற்சங்கங்களோடு போட்ட 12(3) ஒப்பந்தமும் தண்ணீர் பட்ட பாடு. கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர் ஒரு பக்கத்தைப் புரட்டியதுமே நிலுவை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பதவி உயர்வு ஆணை கைக்கு வந்த மறுநாள் முதல் இவர்கள் முன்னால் வந்து நிற்கும் பிரச்சினைகளுக்கு மட்டும் பிரிவு கிடையாது. அதிகாலை வண்டி புறப்படவில்லை என்றால் அது வண்டியைப் பழுது பார்த்தவருடைய பொறுப்பா, டியூட்டி போட்டவருடைய பொறுப்பா, உதிரிபாகம் வாங்க ஒப்புதல் தராதவருடைய பொறுப்பா? நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு வண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மூத்த மேலாளர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்யப்போகிறவர்களுக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சி நிறுவனங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் புணேயில் 1967 முதல் இயங்குகிறது. நாடு முழுவதிலுமிருந்து மாநிலக் கழக அதிகாரிகள் அங்கே போய்ப் படித்து வருகிறார்கள். நம் மாநிலத்திலேயே சென்னை தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது. பொதுவான மேலாண்மைப் பாடம், வாகனத் தொழில்நுட்பம், சட்டம் ஆகியவற்றுக்கு ஆட்களை அங்கே அனுப்பலாம். ஆனால் ஒரு கழகத்தை முழுதாகப் பார்க்கும் பழக்கத்தை அந்தக் கழகத்துக்குள்தான் கற்றுத்தர முடியும். எட்டுக் கழகங்கள், சுமார் 20,000 பேருந்துகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் என்று விரிந்திருக்கும் அமைப்பில், விழுப்புரத்துக் கிளைக்குச் சரியான தீர்வு நாகர்கோவிலில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாடம் உள்ளூரிலிருந்து வர வேண்டும்.

ஆகவே என் முதல் பரிந்துரை இது: பவர்பாயின்ட் தயாரிப்பதற்கு முன், ஒரு கிளையின் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பண்டிகை நாள் வேண்டாம், வேலைநிறுத்த நாளும் வேண்டாம். யாருக்கும் நினைவில் நிற்காத ஒரு செவ்வாய்க்கிழமை போதும். அந்த நாளின் கேட் பதிவேடு, டிரிப் ஷீட்டுகள், வே-பில், ஓட்டுநர்கள் பழுது எழுதிக்கொடுத்த லாக் ஷீட்டுகள், ஸ்டோர் பதிவேடு, டியூட்டி சார்ட், முந்தைய மூன்று நாட்களின் அதே காகிதங்கள் என்று எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு மேஜையில் வையுங்கள். மேஜையைச் சுற்றி ஐந்து பேர். ஐவரும் வேறு வேறு பிரிவிலிருந்து வந்தவர்களாக இருக்கட்டும்.

ஒரு நடை ஏன் ரத்தானது?

முதல் பயிற்சிக்கு ஒரு மாதிரி தருகிறேன். காலை 5:10 மணிக்கு டவுனிலிருந்து கிராமத்துக்குப் போக வேண்டிய முதல் நடை ரத்து. பதிவேட்டில் காரணம்: ஓட்டுநர் இல்லை. மாதாந்திர அறிக்கையில் இது ‘பணியாளர் பற்றாக்குறையால் ரத்தான கிலோமீட்டர்’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். பணியாளர் பிரிவு அந்த ஓட்டுநருக்கு மெமோ அனுப்பும். வழக்கமாகக் கதை இங்கே முடிந்துவிடும்; நம் பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது.

முந்தைய நாள் டியூட்டி சார்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஓட்டுநர் இரவு 8 மணிக்கு வண்டியை விட்டிருக்க வேண்டும். கேட் பதிவேட்டில் வண்டி உள்ளே வந்த நேரம் 10:45. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ன்படி ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு தரவேண்டியிருந்தது. அப்படியானால் 7:45க்கு முன் அவரை ஸ்டியரிங்கில் உட்கார வைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. 5:10க்கு அவர் வராதது ஆப்சென்ட் இல்லை. அவர் வந்திருந்தால்தான் தவறு.

சரி, 8 மணி ஏன் 10:45 ஆனது? வழியில் பிரேக்டவுன். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. இப்போது லாக் ஷீட்டுகளை எடுங்கள். மூன்று நாட்களாக மூன்று ஓட்டுநர்கள் ‘ஹோஸ் லீக்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஷெட்டில் என்ன செய்தார்கள்? கிளிப்பை இறுக்கி அனுப்பினார்கள். ஏன் மாற்றவில்லை? ஸ்டோரில் அந்த அளவு ஹோஸ் இல்லை. வெளியே கடையில் வாங்கலாமே? உள்ளூர்க் கொள்முதலுக்குக் கிளை மேலாளரின் வரம்பு அந்த மாதத்துக்குத் தீர்ந்துவிட்டது. கோட்டத்துக்குக் கோப்பு போயிருக்கிறது. கோட்டத்தில் கோப்பு காத்திருக்கிறது.

சில நூறு ரூபாய் ரப்பர் குழாய். அதனால் ஒரு பிரேக்டவுன், நடுவழியில் இறக்கிவிடப்பட்ட ஒரு வண்டிப் பயணிகள், மறுநாள் முதல் நடை ரத்து, அந்த வண்டி திரும்பி வரும்போது ஏற்றியிருக்க வேண்டிய பள்ளி மாணவர்கள், சந்தைக்குக் காய்கறி கொண்டுவருகிறவர்கள், கடைசியில் குற்றமே செய்யாத ஓட்டுநருக்கு ஒரு மெமோ. மேஜையைச் சுற்றியுள்ள ஐந்து பேரின் பிரிவுகளும் இந்தச் சங்கிலியில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொருவர் அறிக்கையும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். கொள்முதல் வரம்பு மீறப்படவில்லை. பழுது ‘கவனிக்கப்பட்டது’. மெமோ விதிப்படி அனுப்பப்பட்டது.

இந்தப் பயிற்சியை நடத்துகிறவர் விடையைச் சொல்லக் கூடாது. காகிதங்களைத் தேடி எடுக்கும் வேலையை அவர்களே செய்ய வேண்டும். பொதுவாக முதல் அரை மணி நேரம் ஒவ்வொருவரும் தன் பிரிவுக்கு வக்காலத்து வாங்குவார், விடுங்கள். லாக் ஷீட்டில் மூன்று கையெழுத்துகளைப் பார்த்த பிறகு பேச்சு மாறும். கடைசியில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் அறுத்தால் செலவு குறைவு, அதை அறுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அதிகாரம் இருக்கும் இடமும் தகவல் இருக்கும் இடமும் வேறு வேறு என்பதை அங்கே கண்டுபிடித்தாலே அந்த நாள் வீண் போகவில்லை.

நிறுத்தத்தில் ஒரு காலை

இரண்டாவது நாள் வகுப்பறையே வேண்டாம். ஒவ்வொரு மேலாளரையும் ஒரு டவுன் பஸ் நிறுத்தத்தில், காலை 7 முதல் 9 வரை, கையில் தாளும் பேனாவுமாக நிறுத்துங்கள். அலுவலக ஜீப் பக்கத்தில் நிற்கக் கூடாது. நேரக்காப்பாளருக்கு முன்கூட்டியே தகவல் போகக் கூடாது. ஒரே ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியும் வந்த நிமிடத்தையும், ஏறியவர்கள் எத்தனை பேர், ஏற முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறிக்க வேண்டும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று அட்டவணை சொல்லும் வழித்தடத்தில் 40 நிமிடத்துக்குள் நான்கு வண்டிகள் வந்தன. இடைவெளிகள் 2, 18, 3, 17 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 10. அறிக்கைப்படி எந்தக் குறையும் இல்லை: நான்கு நடை ஓட வேண்டும், நான்கும் ஓடின. ரத்தான கிலோமீட்டர் பூஜ்யம்.

இப்போது பயணியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வண்டிகள் சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்திருந்தால் ஒருவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். வந்த இடைவெளிகளை வைத்துக் கணக்கிட்டால் — ஒவ்வோர் இடைவெளியையும் தன்னாலேயே பெருக்கிக் கூட்டி, மொத்த நேரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும் — 626ஐ 80ஆல் வகுக்க, 7.8 நிமிடம் வருகிறது. அந்த 40 நிமிடத்தில் 35 நிமிடம் இரண்டு பெரிய இடைவெளிகளுக்குள் அடங்கிவிட்டதால், எட்டுப் பேரில் ஏழு பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து மாட்டியிருப்பார்கள். 18 நிமிடம் கழித்து வரும் வண்டி, 2 நிமிடத்தில் வந்த வண்டியைப்போல் ஒன்பது மடங்கு கூட்டத்தை ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்ற நேரமாகும், படிக்கட்டில் தொங்குவார்கள், வண்டி இன்னும் பிந்தும், பின்னால் வரும் வண்டி காலியாக வந்து அதன் வாலைப் பிடிக்கும். படிக்கட்டுப் பயணத்துக்கு மாணவர்களைத் திட்டுவதற்கு முன், இந்த இடைவெளித் தாளை ஒரு முறை பார்ப்பது நல்லது.

லண்டனில் அடிக்கடி ஓடும் வழித்தடங்களில் இயக்குபவர்களின் செயல்திறனை இதே போன்ற அளவுகோலால்தான் மதிப்பிடுகிறார்கள்: வண்டிகள் ஒழுங்கான இடைவெளியில் வந்திருந்தால் பயணி காத்திருந்திருக்க வேண்டிய நேரத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தார் என்பதுதான் அங்கே கணக்கு. நம்மிடம் ஜி.பி.எஸ். வந்துவிட்டது, தகவல் சர்வரில் கிடக்கிறது. அதைக் காத்திருப்பு நேரமாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிற மேலாளர்கள்தான் வேண்டும்.

இந்த இடத்தில் வருவாய் பற்றியும் பேசியாக வேண்டும். மூத்த மேலாளர்கள் வழித்தடத்தை எடைபோடுவது இ.பி.கே.எம். என்ற எண்ணை வைத்து, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு கலெக்‌ஷன் என்று. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு அந்த எண்ணுக்குப் பழைய பொருள் இல்லை. இந்தச் சாதாரணக் கட்டண வெள்ளைப் பலகை வண்டியில் கலெக்‌ஷன் குறைவு என்பதால் அந்த வண்டிக்குத் தேவை குறைவு என்று ஆகாது; கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பூ விற்கவும் போகிற பெண்கள் அதில்தான் போகிறார்கள். கண்டக்டர் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டுகளையும் சேர்த்து எண்ணினால்தான் தேவை தெரியும். எந்த நடையை வெட்டலாம் என்ற பேச்சு வரும்போது, ரூபாயை மட்டும் காட்டும் பட்டியலை வகுப்பில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பயணிகள் எண்ணிக்கை இல்லாத பட்டியல் பாதிப் பட்டியல். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

டியூட்டி போட்டுப் பார்க்கட்டும்

அரை நாள் போதும். ஒரு வழித்தடம், இரண்டு வண்டிகள், ஒரு வெற்றுத் தாள். 1961 சட்டம் வகுத்திருந்த எல்லைகள்: நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், இடைவேளைகளைச் சேர்த்தாலும் டியூட்டியின் நீளம் 12 மணி நேரத்துக்குள், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதற்குள் அரை மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை. நெடுந்தூர வழித்தடத்துக்கும் பண்டிகைக் காலத்துக்கும் உரிய அனுமதி பெற்றால் 10 மணி நேரம், வாரம் 54 வரை. இந்த எல்லைக்குள் டியூட்டி போடச் சொல்லுங்கள். ஓட்ட நேரத்தைப் பழைய அட்டவணையிலிருந்து எடுக்காமல், அந்த வழித்தடத்தின் ஜி.பி.எஸ். பதிவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் 50 நிமிடத்தில் போன தூரம் இன்று 70 நிமிடம் ஆகிறது என்றால், அட்டவணையில் இல்லாத அந்த 20 நிமிடத்தை யாரோ ஒருவர் தன் உடம்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தைக் கொடுக்கிறார், அல்லது வேகத்தில் கொடுக்கிறார். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநரும் நடத்துநரும் முகம் கழுவி உட்கார ஓரிடம் இருக்கிறதா, பெண் நடத்துநர் என்றால் கழிப்பறை இருக்கிறதா என்ற கேள்வியையும் இதே தாளில் சேருங்கள்.

விபத்து ஆய்வை இதோடு இணைத்துச் சொல்லிக்கொடுப்பது நல்லது. 2016ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,218 பேர் உயிரிழந்தார்கள். 2019ல் அது 10,525 ஆகக் குறைந்தது. காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை, சுகாதாரத் துறை ஆகியவை மாவட்ட ஆட்சியரின் மேஜையில் ஒன்றாக உட்கார்ந்து விபத்து நடந்த இடங்களை ஆராய்ந்ததும், 108 ஆம்புலன்ஸும் விபத்துச் சிகிச்சை மையங்களும் வலுப்பெற்றதும் அந்த இறக்கத்தில் பெரும் பங்கு வகித்தன. கழகத்துக்குள் நடக்கும் விபத்து ஆய்வும் அந்த முறையில் இருக்க வேண்டும்: சாலை, வண்டி, ஓட்ட நேரம், முந்தைய நாள் டியூட்டி எல்லாவற்றையும் பார்த்த பிறகே ஓட்டுநரின் தவறு பற்றிய பேச்சு. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு தனி, காரண ஆய்வுக் கோப்பு தனி. இரண்டையும் ஒன்றாக்கினால் ஓட்டுநர் வாய் திறக்கமாட்டார், அடுத்த விபத்துக்கான தகவல் நமக்குக் கிடைக்காது.

பொங்கல் இரவு

பண்டிகைக் கால இயக்கத்தை வகுப்பறையில் ஒத்திகை பார்க்கலாம். இரண்டு மணி நேர விளையாட்டாக நடத்துங்கள், ஆனால் பங்கெடுப்பவர்கள் அதை உண்மையாகவே எடுத்துக்கொள்ளும்படி. பொங்கலுக்கு முந்தைய இரவு, இடம் கிளாம்பாக்கம். ஒருவர் கட்டுப்பாட்டு அறை, ஒருவர் நிலையத்துக்குள் பிளாட்பார மேலாண்மை, ஒருவர் மாநகர இணைப்புப் பேருந்து, ஒருவர் பயணிகளுக்கும் ஊடகத்துக்கும் பதில் சொல்கிறவர். பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு நீட்டுங்கள். ‘பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் நகரவில்லை.’ ‘மதுராந்தகம் அருகே நம் வண்டி ஒன்று நின்று இடது தடத்தை அடைத்துவிட்டது.’ ‘திருவண்ணாமலைப் பகுதியில் 200 பேர், வண்டி ஒன்றுகூட இல்லை.’ ‘ஊரிலிருந்து திரும்ப வேண்டிய 40 வண்டிகள் நெரிசலில்.’ ஒவ்வொரு சீட்டுக்கும் யார் முடிவெடுத்தார், எத்தனை நிமிடத்தில், யாரிடம் சொன்னார் என்பதை ஒருவர் ஓரமாக உட்கார்ந்து எழுத வேண்டும். முடிந்ததும் அந்தக் குறிப்பை உரக்கப் படியுங்கள்.

கிளாம்பாக்கத்தை நான் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தேன். 2023 டிசம்பர் 30ல் அந்த நிலையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. கட்டடம் பெரியது, நல்லது. ஆனால் அப்போது எதிரே ரயில் நிற்க நிலையம் தயாராகியிருக்கவில்லை. வடசென்னையிலிருந்து ஊருக்குப் போகிற குடும்பம் மூட்டை முடிச்சோடு இன்னொரு வண்டி மாறி நகரத்தின் விளிம்புக்குப் போக வேண்டியிருந்தது. 2024 தொடக்கத்தில் இரவு நேரத்தில் ஊருக்கு வண்டி கிடைக்காமல் பயணிகள் மறியல் செய்த சம்பவமும் நடந்தது. நிலையம் கட்டுவது ஒரு வேலை, அதை இயக்குவது வேறு வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் நமக்கு அருகில் இல்லை. பயணியின் பயணம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. நம் பொறுப்பு பிளாட்பாரத்தில் தொடங்குவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எனவே இந்த ஒத்திகைக்கு வெளியாட்களைக் கட்டாயம் அழையுங்கள். போக்குவரத்துக் காவல், நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். பரனூரில் தடம் திறக்க யாரை அழைக்க வேண்டும் என்று நம் அதிகாரிக்கு அந்த இரவில் தெரிய வேண்டுமானால், அதற்கு முன் ஒரு முறையாவது அவரோடு ஒரே மேஜையில் டீ குடித்திருக்க வேண்டும். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் மதிப்பீடு ஒன்று பல ஆண்டுகளாக வகுப்புகளில் காட்டப்படுகிறது: அந்நாட்டு நெரிசலில் 40 சதவீதம் சாலையின் கொள்ளளவு போதாமையால்; 25 சதவீதம் விபத்து, பழுது; 15 வானிலை; 10 சாலைப் பணி; சிக்னல் குறையும் சிறப்பு நிகழ்வுகளும் ஐந்தைந்து. நம் சாலைக்கு விகிதம் மாறும். ஆனால் புதுச் சாலை போடாமலே, நின்ற வண்டியைச் சீக்கிரம் ஓரங்கட்டுவதாலும் முன்கூட்டியே பேசிக்கொள்வதாலும் குறைக்கக்கூடிய நெரிசல் எவ்வளவு பெரியது என்பதை அது காட்டுகிறது. மதுராந்தகச் சீட்டுக்குக் கிரேன் எங்கே நிற்கிறது என்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை என்றால், ஒத்திகையின் பலன் அதுவே.

இந்த ஒத்திகை தவிர, மின்சாரப் பேருந்து பற்றித் தனி வகுப்பு ஒன்றும் வேண்டும். 2025 ஜூன் 30ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து சென்னையில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்தினுடையவை. ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். நடத்துநரும் கட்டணமும் கழகத்தினுடையவை. ஓட்டுநருக்கு மெமோ கொடுக்கும் அதிகாரம் மேலாளரிடம் இல்லை. அவர் கையில் இருப்பது ஒப்பந்தத்தின் பிரிவுகளும் அன்றாடப் பதிவும்தான். ஒப்பந்தத்தை முழுதாக வரிவரியாகப் படிக்க வைப்பதுதான் இங்கே பயிற்சி. சார்ஜிங் தொழில்நுட்பம் அதற்குப் பிறகு.

ஏற்பாடு

ஓர் அணிக்கு 20 பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து நாட்கள் போதும், ஆனால் அந்த ஐந்து நாட்களும் அவர்களது பொறுப்பை வேறொருவருக்கு எழுத்துப்பூர்வமாக ஒப்படைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கோட்டத்திலிருந்து வரும் போன்தான் வகுப்பை நடத்தும். ஓட்டுநர், நடத்துநர், டெக்னீசியன் மூவரையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசவையுங்கள். தொழிற்சங்கத்தினரோடு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேச்சுவார்த்தை மேஜைக்கு வெளியே அவர்கள் சொல்வதைக் கேட்கும் வாய்ப்பு மூத்த மேலாளர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

தேர்வு வைக்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஒரு முடிவை எழுதித் தரட்டும்: எந்த வழித்தடத்தில் அல்லது கிளையில், எதை மாற்றப்போகிறேன், எந்த எண்ணால் அளப்பேன், யாருடைய ஒப்புதல் வேண்டும். கடைசி அரை நாளில் மேலாண்மை இயக்குநர் வந்து உட்கார வேண்டும். வாழ்த்துரைக்காக அல்ல. கிளை மேலாளரின் உள்ளூர்க் கொள்முதல் வரம்பை உயர்த்துவது, ஓட்ட நேரத்தைத் திருத்துவது, வழக்கமாகப் பிந்தும் ஒரு வழித்தடத்துக்குக் காலையில் ஒரு ஸ்பேர் வண்டி ஒதுக்குவது போன்ற கோரிக்கைகள் அந்தப் பக்கங்களில் இருக்கும். ஏற்கக்கூடியவற்றுக்கு அங்கேயே ஒப்புதல் கையெழுத்து, ஏற்க முடியாதவற்றுக்கு அங்கேயே காரணம். மூன்று மாதம் கழித்து அதே 20 பேரை ஒரு நாள் மட்டும் மீண்டும் கூட்டி, அவர்கள் எழுதித் தந்த எண்களைக் கிளைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒரு நாளுக்கான செலவையும் தேதியையும் முதல் வகுப்புக்கு ஒப்புதல் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.